வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்

பெண்கள் குடும்பத்துக்குள் மறைத்து வைத்த ரகசியங்களையும் அதனால் அவர்கள் பட்ட பாட்டையும் சொல்லும் தமிழ் நாவல்கள் எவை, எதில் ஆரம்பிக்கலாம், சும்மா அழ வைக்க எழுதியதாக இருக்கக் கூடாது, அம்மாவும் கூடவே படிப்பார் என்று கேட்டிருக்கிறீர்கள். இதுவரை படித்தது பெரும்பாலும் மாத நாவல்கள்தான் என்றும் கொஞ்சம் கூச்சத்தோடு சொல்லியிருக்கிறீர்கள். கூச்சப்பட ஒன்றும் இல்லை, நானும் அங்கேயிருந்து வந்தவன்தான்.

எங்கள் அத்தை வீட்டுத் திண்ணையில் ஒரு வாடகை நூலகம் நடத்தினார். இரண்டு பீரோ, ஒரு பெஞ்சு, கோடு போட்ட நீளமான நோட்டு ஒன்று. ஆண்கள் துப்பறியும் கதை எடுப்பார்கள், பெண்கள் குடும்ப நாவல் எடுப்பார்கள், அதெல்லாம் எல்லா ஊரிலும் நடந்ததுதான். எனக்கு ஞாபகம் இருப்பது அந்த நோட்டு. சில பெண்களின் பெயருக்குப் பக்கத்தில் அத்தை பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பார். என்ன அத்தை இது என்று கேட்டால், "புஸ்தகம் திரும்பி வரலேன்னாலும் இவங்க வீட்டுக்குப் பையனை அனுப்பக் கூடாது, தெரிஞ்சா வம்பாயிடும்" என்பார். கதைப் புத்தகம் படிப்பதே ஒரு ரகசியம்! அந்தப் புத்தகங்கள் திரும்பி வரும்போது பாதியில் மஞ்சள் கறையோடு வரும், அரிசிப் பானைக்குப் பின்னாலோ துணி மூட்டைக்குள்ளோ இருந்து எடுத்த வாசனை அடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாத நாவலில் ரகசியம் என்றால் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கும், அதற்குள் ஒரு பழைய கடிதமோ போட்டோவோ இருக்கும், கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் அதை யாராவது திறப்பார்கள், எல்லோரும் திடுக்கிடுவார்கள். நான் பார்த்த வீடுகளில் அப்படி எந்தப் பெட்டியும் இருந்ததில்லை. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், பால்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். தெரியும் என்று வாயால் சொல்லக் கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்கு யார் காவல், யார் அதற்கு விலை கொடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் தமிழின் நல்ல நாவல்கள் திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. காவல் இருப்பது பல இடங்களில் இன்னொரு பெண், அதுவும் அம்மா. (கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. முடிவு தெரிந்தால் படிக்க மாட்டேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

முதலில் தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்', 1966. அப்பு என்கிற பையனைச் சின்ன வயதிலேயே காவிரிக்கரையில் ஒரு வேத பாடசாலையில் சேர்த்துவிடுகிறார்கள். படிப்பு முடிந்து சென்னைக்குத் திரும்புகிறான். வீட்டில் அம்மா அலங்காரம், அப்பா தண்டபாணி, அண்ணன், மன்னி, தம்பி தங்கைகள். சிவசு என்று ஒருவர் வந்து போகிறார், வரும்போது யாரும் எதுவும் பேசுவதில்லை. அம்மாவுக்கும் அவருக்கும் என்ன உறவு, கடைசிக் குழந்தைகள் யாருடைய ஜாடை என்பது அந்த வீட்டில் அப்புவைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அப்பாவுக்கும்தான். ஊருக்கெல்லாம் ஜாதகம் பார்த்துச் சொல்கிற மனுஷர், தன் வீட்டு விஷயத்தில் மட்டும் வாயைத் திறப்பதில்லை. இந்த நாவலைப் பற்றிப் பேசும் பலரும் அலங்காரம் செய்தது சரியா தப்பா என்ற பஞ்சாயத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவள் மகனை வைத்துப் போட்ட கணக்கு. இவனை வேதம் படிக்க வைத்துவிட்டால், இவன் சம்பாதிக்கிற புண்ணியத்தில் தன் பாவம் கரைந்துவிடும் என்று நினைக்கிறாள். அதாவது ரகசியத்தின் சுமையைத் தூக்க அந்த வீட்டிலேயே ஒன்றும் தெரியாத ஒருத்தனைப் பொறுக்கி, தூரத்தில் நிறுத்தியிருக்கிறாள். அவனோ அங்கே பாடசாலையை நடத்தும் பவானியம்மாளின் உறவுப் பெண்ணான, சின்ன வயதிலேயே விதவையாகிவிட்ட இந்துவிடம் போய் நிற்கிறான். கணக்கு தீரவில்லை என்று தெரிந்ததும் அலங்காரம் காசிக்குக் கிளம்பிவிடுகிறாள். அவள் ஏன் அப்படி வாழ்ந்தாள் என்பதை ஜானகிராமன் அவள் வாயால் கடைசிவரை விளக்கவே இல்லை. சிலருக்கு அது குறை. என்னைக் கேட்டால் அந்த நாவல் இன்னும் உயிரோடு இருப்பது அதனால்தான்.

அடுத்தது ஜெயகாந்தன். இதை இரண்டாகப் படிக்க வேண்டும். 1966ல் ஆனந்த விகடனில் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஒரு சிறுகதை வந்தது. கொட்டும் மழையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் கல்லூரிப் பெண்ணை ஒருவன் காரில் ஏற்றிப் போகிறான். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுகிறாள். அம்மா விதவை, பல குடித்தனங்கள் இருக்கிற வீட்டில் ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருப்பவள். அடி அடியென்று மகளை அடிக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் ஏன் என்று விசாரிக்கும்போது, இப்படியா மழையில் தெப்பமாக நனைந்துகொண்டு வருவாள் என்று ஒரு காரணம் சொல்கிறாள் பாருங்கள், அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படியுங்கள். உலகமே இடிந்து விழுந்த நிமிடத்திலும் ஒரு அம்மாவுக்கு அந்தப் பொய் எவ்வளவு தயாராக வருகிறது! அதற்கென்று வாழ்க்கை முழுக்கப் பயிற்சி எடுத்தவள் போல. பிறகு மகளை உட்கார வைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய், இதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்கிறாள். அந்த முடிவுக்காகப் பெரிய சண்டையே நடந்தது. எப்படி அந்த அம்மா மூடி மறைக்கலாம் என்று ஒரு கூட்டம்.

சரி, அம்மா மறைக்காமல் போயிருந்தால்? அதுதான் 1970ல் வந்த 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அதே மழை, அதே கார், அதே பெண். இப்போது அவளுக்குக் கங்கா என்று பெயர். இந்த அம்மா அலறிவிடுகிறாள், குடித்தனம் பூராவும் தெரிந்துவிடுகிறது, அண்ணன் கணேசன் வீட்டைவிட்டுத் துரத்துகிறான். மாமா ஒருவர் படிக்க வைக்கிறார், அவர் பார்வையும் சரியில்லை. பன்னிரண்டு வருஷம் கழித்து நல்ல வேலையில் இருக்கிற கங்கா, பத்திரிகையில் ஒரு கதை படிக்கிறாள். அது 'அக்கினிப் பிரவேசம்'. தன் கதையை யாரோ எழுதியிருக்கிறார், முடிவு மட்டும் வேறு! அந்தக் கதையை அவள் தன் அம்மாவையும் படிக்க வைப்பது நான் தமிழில் படித்த கொடூரமான காட்சிகளில் ஒன்று. கத்தி, ரத்தம் ஒன்றும் கிடையாது, ஒரு வாரப் பத்திரிகை மட்டும்தான். இந்த நாவலுக்கு 1972ல் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்தது. படமாகவும் வந்தது, லட்சுமி நடித்தார். அதே லட்சுமிதான் அனுராதா ரமணனின் 'சிறை' சிறுகதை 1984ல் படமானபோதும் நடித்தவர். அதிலும் கெடுத்தது ஒருவன், வீட்டைவிட்டுத் தள்ளியது புருஷன். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே அம்மாள் இரண்டு ஜென்மம் எடுத்து வந்தது போல இருக்கும். அது போகட்டும்.

இனி நீல. பத்மநாபனின் 'தலைமுறைகள்', 1968. இதை அதிகம் பேர் கையில் எடுப்பதில்லை, காரணம் மொழி. இரணியல் பக்கத்துச் செட்டிமார் பேசுகிற தமிழ், முதல் முப்பது பக்கம் பல்லில் கல் கடிபடுகிற மாதிரிதான் இருக்கும், தாண்டிவிடுங்கள். கதைநாயகன் திரவியின் அக்கா நாகம்மையைக் கட்டிக் கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் திருப்பி அனுப்பிவிடுகிறான் மாப்பிள்ளை. காரணம், அவள் பெண்ணே இல்லையாம், உடம்பில் குறையாம். குறை உண்மையில் அவனுக்கு. இதைக் கவனியுங்கள், ரகசியம் ஆணுடையது, அதை மூட எடுத்த துணி மட்டும் பெண்ணுடைய மானம். அவள் எந்த இடத்தில் எழுந்து நின்று அதை மறுக்க முடியும்? மறுப்பதற்கு வேண்டிய வார்த்தைகளையே ஒரு பெண் வாயில் எடுக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கூடத்தில் ஆண்கள் கூடிப் பேசுகிறார்கள், அவள் அடுக்களையில் இருக்கிறாள், அவளைப் பற்றிய தீர்ப்பு அவள் காதில் விழும் தூரத்திலேயே முடிந்துவிடுகிறது. இன்றைக்கும் கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்தில் குழந்தை இல்லை என்றால் டாக்டரிடம் முதலில் கூட்டிப் போவது யாரை என்று பாருங்கள், இந்த நாவல் பழையதாகத் தெரியாது.

இதே குழந்தை விஷயம் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலில் (2010) வேறு மாதிரி வருகிறது. அந்தப் புத்தகத்தைச் சுற்றி நடந்த சண்டையில், 2016ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை போனதில், கதையை எல்லோரும் மறந்துவிட்டார்கள். காளியும் பொன்னாவும் ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருக்கிறார்கள், குழந்தை மட்டும் இல்லை. குழந்தை இல்லாத பெண் முன்பின் தெரியாத ஆணோடு சேர்ந்து பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று கதையில் வருகிற ஒரு திருவிழா இரவுக்கு அவளை அனுப்ப அவள் அம்மா, மாமியார், அண்ணன் மூன்று பேரும் சேர்ந்து ஒரு திட்டம் போடுகிறார்கள். புருஷன் சம்மதித்துவிட்டான் என்று நம்பித்தான் அவள் போகிறாள். அவன் சம்மதிக்கவில்லை. அன்புள்ளவர்கள் நல்லதுக்கென்று சொன்ன பொய்தான், ஆனால் நாளைக்குக் காளியின் முகத்தைப் பார்க்க வேண்டியவள் பொன்னா ஒருத்தி. பிறகு 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என்று இரண்டு தொடர்ச்சிகள் எழுதினார், ஒன்றில் காளி செத்துப்போகிறான், மற்றதில் பிழைத்துக்கொள்கிறான். முதல் நாவலே போதும் என்பது என் கட்சி.

இப்போது நான் மிகவும் விரும்பும் புத்தகம், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை', 2004. இதை எழுதியவரின் கதையும் கொஞ்சம் தெரிய வேண்டும். திருச்சிப் பக்கம் துவரங்குறிச்சி. பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றது, வீட்டுக்குள்ளேயே பல வருஷம். கல்யாணத்துக்குப் பிறகும் எழுதுவதற்கு எதிர்ப்பு. ராத்திரி கழிப்பறைக்குள் போய் நின்றுகொண்டு கிடைத்த தாளில் எழுதி ஒளித்து வைத்து, அதை அம்மா மூலமாக வெளியே அனுப்பித்தான் கவிதைகள் அச்சுக்குப் போயின. சல்மா என்பதே புனைபெயர். பிறகு 2001ல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவியாகவே வந்தார். அதனால்தான் அந்த நாவலில் மூடிய கதவுக்கு உள்பக்கம் என்ன பேசுவார்கள் என்பது அவ்வளவு துல்லியமாக இருக்கிறது. அங்கே பெண்கள் எவ்வளவு சிரிக்கிறார்கள் தெரியுமா! ஆண்கள் இல்லாத மத்தியானங்களில் அவர்கள் பேசும் பச்சைப் பேச்சைக் கேட்டால் அம்மாவோடு சேர்ந்து படிக்கும்போது இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் பார்க்க வேண்டியிருக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

ராபியா என்கிற சிறுமி வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போய் உதை வாங்குவதில் தொடங்கி, ஒரு தெரு முழுக்க விரிகிறது கதை. ஒரே குடும்பத்தில் இரண்டு உறவுகள் ரகசியமாக நடக்கின்றன. கரீமுக்கு மாரியாயி என்ற பெண்ணோடு தொடுப்பு உண்டு. அது ஊருக்கே தெரியும், மனைவி ரஹீமாவுக்கும் தெரியும், அதனால் யாருடைய சோறும் தண்ணியும் நின்றுவிடவில்லை. இன்னொரு பக்கம் ஃபிர்தவ்ஸ். பிடிக்காத மாப்பிள்ளையை முதல் ராத்திரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவள், எதிர்த்தாற்போல் இருக்கும் சிவாவோடு பழகுகிறாள். இது தெரியவந்ததும் அவளைப் பெற்ற ஆமினாவே விஷம் கொடுக்கிறாள். ஆண் செய்தால் அது பேச்சு, பெண் செய்தால் அது மையத்து, அதாவது பிணம். இத்தனைக்கும் சல்மா ஆமினாவை ராட்சசியாக எழுதவில்லை. அவள் மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டி வளர்த்த அதே கைதான். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோரும் அவளைப் புரிந்துகொள்ளவும் செய்கிறார்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது அந்த இடம்தான். கட்டுக்கோப்பு கொஞ்சம் தளர்வு, பாத்திரங்கள் யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்பும். ஒரு தாளில் குடும்ப மரம் போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள், நான் அப்படித்தான் படித்தேன்.

பெண்ணைப் பெற்றவர்கள் பக்கமிருந்து பார்க்க வேண்டுமானால் இமையத்தின் 'செல்லாத பணம்'. 2018ல் வந்தது, 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைமையாசிரியர் மகள் ரேவதி, இன்ஜினியரிங் படித்தவள், ஆட்டோ ஓட்டும் ரவியைத்தான் கட்டுவேன் என்று பிடிவாதமாக நின்று கட்டிக்கொள்கிறாள். பிறகு ஒரு நாள் உடம்பெல்லாம் தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள். அவளே கொளுத்திக்கொண்டாளா, அவன் கொளுத்தினானா? நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காய வார்டுக்கு வெளியே நடக்கிறது. நம் ஊரில் இப்படிப்பட்ட வார்டுக்கு வெளியே ஒரு முறையாவது நின்றவர்களுக்குத் தெரியும், "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்ற வாக்கியம் எத்தனை வீட்டு ரகசியங்களுக்கு மூடி. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படிச் செத்தால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு என்று சட்டம் வைத்ததே அந்த வாக்கியத்தை நம்பாமல்தான். ரேவதி வாழ்ந்த அந்தச் சில வருஷங்களில் என்ன நடந்தது என்று பெற்றவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவர்கள் போகவும் இல்லை. இப்போது பணத்தைக் கட்டுக் கட்டாக வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவகாமியின் 'ஆனந்தாயி' (1992): புருஷன் பெரியண்ணன் லட்சுமி என்கிற இன்னொருத்தியைக் கொண்டுவந்து வீட்டிலேயே வைத்துக்கொள்கிறான், இங்கே மறைப்பதற்குக்கூட யாரும் மெனக்கெடுவதில்லை, அதுவே தனி அடி. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964): பனைவிளைக் கிராமத்தில் பெரியவளானதும் வீட்டுக்குள் அடைபட்ட லிஸி, பனையேறி தங்கராஜ் மேல் வைத்த ஆசையை எத்தனை வருஷம் மனதில் வைத்தே காப்பாற்றுகிறாள். இந்தப் பட்டியலில் மென்மையானது இதுதான். சு. தமிழ்ச்செல்வியின் 'அளம்' (2002): வேதாரண்யம் பக்கம், புருஷன் கப்பலேறிப் போய்த் திரும்பாத சுந்தராம்பாளும் மூன்று பெண் பிள்ளைகளும். ரகசியம் அதிகம் இல்லை, பாடு மட்டும்தான்.

பழசிலும் விருப்பம் இருந்தால் இரண்டு. அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி', 1903ல் புத்தகமாக வந்தது. அதற்கு முன் 1892ல் 'விவேக சிந்தாமணி'யில் வேறு பெயரில் தொடராகத் தொடங்கி பாதியில் நின்றுபோனது. ஒரு பால்ய விதவை தானே தன் கதையைச் சொல்கிற மாதிரி ஓர் ஆண் எழுதியது, இருந்தும் மாமியார் வீட்டுச் சமையலறை அதில் நிஜமாக இருக்கிறது. இன்னொன்று மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்', 1936. நாவல் என்ற அளவில் அது முன்னே பின்னே இருக்கும், பிரசங்கம் அதிகம். ஆனால் தேவதாசி வாழ்க்கையிலிருந்தே வெளியே வந்த ஒருத்தி, தாய்க்கிழவிகள் பெண்களுக்கு என்னென்ன தந்திரம் சொல்லிக் கொடுப்பார்கள், ஜமீன்தார்களை எப்படி மொட்டையடிப்பார்கள் என்று வீட்டுச் சங்கதியை நடுத்தெருவில் போட்டு உடைத்திருக்கிறார். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947ல், அதற்குப் பதினொரு வருஷம் முன்னால்!

எதில் ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள் இல்லையா. நீங்கள் 'அம்மா வந்தாள்' எடுங்கள், சின்னப் புத்தகம், நடை உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும். அப்புறம் சல்மா. அம்மாவுக்கு முதலில் 'அக்கினிப் பிரவேசம்' கொடுங்கள், சிறுகதைதான், ஒரே உட்காரலில் முடிந்துவிடும், அவருக்குப் பிடித்தால் நாவலுக்குப் போகலாம். அவர் படித்து முடித்ததும் எப்படி இருந்தது என்று உடனே கேட்டுவிடாதீர்கள். என் அம்மாவுக்கு நான் அதைக் கொடுத்தபோது எழுபது வயது. படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார், நானும் விட்டுவிட்டேன். இரண்டு நாள் கழித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது, நான் ஒன்றும் கேட்காமலே, "தண்ணி ஊத்தினது சரிதான்டா, அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணை அப்படி அடிச்சிருக்க வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டுக் கீரைக்காம்புகளைக் கூட்டி முறத்தில் தள்ளினார்.